கடன் கொடுத்தவரிடம் கவலையைச் சொல்ல முடியுமா?

நம் சங்கங்களின் ஓராண்டு நிகழ்ச்சி நிரலை எடுத்து வைத்துப் பார்ப்போம். மே 5ஆம் நாள் வணிகர் தினம். அன்று கடைக்கு விடுமுறை விட்டு மாநாடு. பிறகு பிளஸ் டூ தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய உறுப்பினர் பிள்ளைகளுக்குப் பரிசளிப்பு. கண் சிகிச்சை முகாம், இரத்த தான முகாம், சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனை முகாம். எடை, அளவுகளுக்கு முத்திரை வைக்கும் முகாம். ஜி.எஸ்.டி. விளக்கக் கூட்டம். உணவுப் பாதுகாப்பு உரிமம் புதுப்பிக்க ஒரு முகாம். ஆயுத பூஜை, பொங்கல், குடும்ப விழா. எல்லாமே நல்ல காரியங்கள். தங்கள் கடையைப் பிள்ளைகளிடமோ பையன்களிடமோ விட்டுவிட்டு வந்து இவற்றை நடத்தும் பொறுப்பாளர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

கண்ணுக்கு முகாம் உண்டு. கணக்குக்கு வகுப்பு உண்டு. தராசுக்குக்கூடப் பரிசோதனை உண்டு. தராசைப் பிடிக்கிறவரின் மனத்துக்கு மட்டும் நிரலில் ஓர் இடமும் இல்லை. அந்த இடத்தை இந்த ஆண்டே உண்டாக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல வருவது. ஆனால் அதை எப்படி உண்டாக்குவது என்பதில் நம் தொழிலுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. அதைத் தீர்க்காமல் முகாம் நடத்தினால் நாற்காலிகள் நிறையும், பலன் இருக்காது.

கணக்கு என்ன சொல்கிறது?

வியாபாரிகளாகிய நாம் எதையும் கணக்கோடு பார்த்துப் பழகியவர்கள். இதையும் கணக்கோடு பார்ப்போம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் நாட்டில் நடந்த தற்கொலைகளைத் தொழில்வாரியாகப் பிரித்து வெளியிடுகிறது. 2019ஆம் ஆண்டில் வியாபாரத்தில் இருந்தவர்கள் என்று பதிவானவர்கள் 9,052 பேர். கொரோனா ஊரடங்கு வந்த 2020ஆம் ஆண்டில் அது 11,716 ஆயிற்று. அதே 2020ல் விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் சேர்ந்து 10,677 பேர். அதாவது அந்த ஆண்டில் உழவுத் தொழிலைவிட வியாபாரத்தில் அதிகம் பேரை நாடு இப்படி இழந்தது.

இதைப் போட்டிக் கணக்காகச் சொல்லவில்லை. உழவர் வீட்டு இழப்பும் நம் வீட்டு இழப்பும் ஒன்றுதான். ஆனால் உழவர் துயரம் பற்றிச் சட்டமன்றத்தில் பேசுகிறார்கள், செய்தித்தாளில் எழுதுகிறார்கள். வியாபாரி துயரத்தை வியாபாரிகளே பேசுவதில்லை. இரங்கல் தீர்மானம் நிறைவேற்றி, ஒரு நிமிடம் எழுந்து நின்று, அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறோம்.

நம் மாநிலத்துக்கு இதில் தனிப்பட்ட அக்கறை இருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் எல்லாத் தொழிலினரும் சேர்ந்து 19,834 பேர் தற்கொலையால் இறந்தார்கள். எண்ணிக்கையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்தபடி நாம்தான்.

ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் என்று எவரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. கடன், குடும்பப் பிணக்கு, குடி, நோய், மனச்சோர்வு எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஆனால் மனச்சோர்வு என்பது சிகிச்சையால் தீரக்கூடிய நோய் என்பது மருத்துவ உலகம் உறுதியாகச் சொல்வது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறை இருப்பது தெரிந்தது. அவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. நூறு கடை உள்ள ஒரு கடைத்தெருவில் இந்தக் கணக்கைப் பொருத்திப் பாருங்கள். சுமார் எட்டுக் கடைக்காரர்கள் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் தினமும் ஷட்டரைத் தூக்குகிறார்கள்.

நாணயம் என்னும் பூட்டு

ஏன் சொல்வதில்லை? கூச்சம் எல்லாருக்கும் பொது. வியாபாரிக்கு அதற்கு மேலும் ஒன்று உண்டு. அதுதான் நாணயம்.

நம் தொழில் வாய்ச்சொல்லில் நடப்பது. பருப்பு மண்டியிலிருந்து மூட்டை இறங்குகிறது, எண்ணெய் டின் வருகிறது, சர்க்கரை வருகிறது. ஏழு நாள் தவணை, பதினைந்து நாள் தவணை என்பது பெரும்பாலும் எழுத்தில் இல்லை. "அவர் கடை நல்ல கடை" என்ற பேச்சுதான் பத்திரம். அந்தப் பேச்சில் ஒரு சிறு கீறல் விழுந்தால் போதும். "அண்ணாச்சிக்கு மனசு சரியில்லையாம், ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறாராம்" என்று லைனில் ஒரு வார்த்தை கசிந்தால், மறுநாள் சரக்கு போட வருகிறவர், "இந்தத் தடவை ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள்" என்பார். சீட்டுக்காரர் ஜாமீன் கேட்பார். தண்டல்காரர் ஒரு நாள் முன்னதாகவே வந்து நிற்பார்.

ஆகவே முழுகிக்கொண்டிருக்கிற மனிதர்கூட வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு விடியற்காலை ஐந்தரைக்குக் கடை திறக்கிறார். பால் பாக்கெட் எடுத்து வைக்கிறார். "எப்படி இருக்கிறீர்கள்?" என்றால் "ஆண்டவன் புண்ணியத்தில் ஓடுகிறது" என்கிறார். அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல முடியுமா? உண்மையைச் சொன்னால் உள்ளதும் போய்விடும் என்ற நிலையில் அவரை வைத்திருப்பது நாம் எல்லாரும் சேர்ந்து நடத்தும் வணிக முறைதான்.

நம் சங்கக் கூட்டத்தில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவருக்குச் சரக்கு கொடுப்பவர் இருக்கிறார். சீட்டுப் பிடிப்பவர் இருக்கிறார். எதிர்க்கடைக்காரர் இருக்கிறார். அவர் பெண்ணுக்கு வரன் பார்க்கிற வீட்டாரும் இருக்கலாம். இவர்கள் நடுவே ஒரு டாக்டர் மேடையில் ஏறி, "மனத்தில் கவலை இருந்தால் மனம்விட்டுப் பேசுங்கள்" என்றால் யார் பேசுவார்? கடன் கொடுத்தவரிடம் கவலையைச் சொல்ல முடியுமா? இதுதான் நாம் முதலில் குறிப்பிட்ட சிக்கல்.

பிற இடங்களில் என்ன செய்தார்கள்?

டாக்டர்கள் மட்டுமே எல்லாருக்கும் போதமாட்டார்கள் என்பதை உலகம் எப்போதோ உணர்ந்துவிட்டது. சாதாரண மக்களுக்கே சிறிது பயிற்சி கொடுத்து முதல் உதவிக்கு ஆள் தயார் செய்வது இன்று பல நாடுகளில் நடக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2000ஆம் ஆண்டில் பெட்டி கிச்னர் என்ற செவிலியரும், ஆராய்ச்சியாளரான அவர் கணவர் டோனி ஜோர்மும் "மனநல முதலுதவி" என்ற வகுப்பைத் தொடங்கினார்கள். அடிபட்டவருக்குக் கட்டுப் போடக் கற்பது போல, மனம் உடைந்தவரை எப்படி அணுகுவது, எப்படிக் கேட்பது, எங்கே அனுப்புவது என்று கற்றுக்கொடுக்கும் வகுப்பு அது. இன்று பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது.

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே ஏழை நாடு. மனநல மருத்துவர்கள் மிகச் சிலரே உள்ள நாடு. அங்கே ஹராரே நகரில் டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர் 2006ல் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்தார். சுகாதார நிலையத்துக்கு வெளியே மரத்தடியில் ஒரு பெஞ்சு போட்டு அந்தப் பாட்டிகளை உட்கார வைத்தார். அதற்கு "நட்பு பெஞ்சு" என்று பெயர். அந்த ஊர் ஷோனா மொழியில் இந்த நோய்க்கு வழங்கும் சொல்லுக்குப் பொருள் "அளவுக்கு மீறி யோசிப்பது". நம் வீடுகளிலும் "ரொம்ப யோசிக்கிறார்" என்றுதானே சொல்கிறோம்? பாட்டிகள் செய்ததும் நமக்குப் புரியக்கூடிய வேலைதான். வந்தவரின் பிரச்சினைகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லவைத்து, அதில் ஒன்றை மட்டும் அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, அதற்கு இந்த வாரம் என்ன செய்யலாம் என்று பேசி முடிவு செய்வது. மொத்தப் பாக்கியை நினைத்து மலைத்து நிற்பவரிடம், பேரேட்டைப் பிரித்து ஒரு பக்கத்தை மட்டும் முதலில் பார்ப்போம் என்று சொல்வதைப் போன்றதுதான் இது. 573 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2016ல் புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவ இதழில் வெளிவந்தது. பெஞ்சில் பேசியவர்களுக்கு ஆறு மாதத்துக்குப் பின் மற்றவர்களைவிட நோய்க்குறிகள் நன்கு குறைந்திருந்தன.

நம் நாட்டிலேயே குஜராத்தில், வியாபாரத்துக்குப் பேர்போன மெஹ்சானா மாவட்டத்தில், "ஆத்மீயதா" என்ற திட்டம் கிராமத்து மக்களிலிருந்தே தன்னார்வலர்களைப் பொறுக்கிப் பயிற்சி கொடுத்தது. மனம் சோர்ந்தவருடன் நாலைந்து முறை உட்கார்ந்து பேசுவது, தேவையானால் மருத்துவரிடம் அனுப்புவது, அத்துடன் அரசு உதவித் திட்டங்களைப் பெற்றுத் தருவது ஆகிய மூன்றும் அவர்கள் வேலை. இந்த மூன்றாவது வேலையை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். வயிற்றுக் கவலையை அப்படியே விட்டுவிட்டு மனக்கவலைக்கு மட்டும் ஆறுதல் சொன்னால் நிற்காது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986ல் தொடங்கிய "சினேகா" அமைப்பில் இன்றுவரை பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள்தான் தொலைபேசியை எடுத்துக் கேட்கிறார்கள். மாவட்ட மனநலத் திட்டம் 1996ல் நாட்டில் முதன்முதலாக நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது அவற்றில் ஒன்று நம் திருச்சி. ஆக, பயிற்சி கொடுக்க ஆள் இருக்கிறார்கள். கேட்டு அழைக்க வேண்டியது நம் பொறுப்பு.

நம் சங்கத்துக்கு ஏற்ற முறை

உணவுப் பாதுகாப்பு ஆணையம் உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒருவர் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளராக இருக்க வேண்டும் என்று சொல்வதை நம்மில் பலர் அறிவோம். அதையே முன்மாதிரியாகக் கொள்வோம். 25 கடைக்கு ஒருவர். நூறு கடை உள்ள சங்கத்தில் நான்கு பேர். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஏனென்றால் கடையில் பாதி வேலையைச் செய்பவரும், கடைக்காரர் தூங்காததை முதலில் அறிகிறவரும் வீட்டுப் பெண்தான். கடை நடத்தும் பெண்களும் இன்று எத்தனையோ பேர்.

இனி முக்கியமான நிபந்தனைக்கு வருவோம். கவலையைக் கேட்பவர் கடன் கொடுத்தவராக இருக்கக் கூடாது. மொத்த வியாபாரி, சீட்டு நடத்துபவர், ஜாமீன் போட்டவர், சந்தா வசூலிக்கும் பொறுப்பாளர் ஆகியோர் அந்த உறுப்பினருக்கு அந்த வேலையைச் செய்யக் கூடாது. இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. பக்கத்து ஊர்ச் சங்கங்கள் இரண்டு சேர்ந்து ஆள்களை மாற்றிக்கொள்வதுதான். நம் ஊர் உறுப்பினருக்கு அடுத்த ஊரில் பயிற்சி பெற்றவர். அவ்வூர் உறுப்பினருக்கு நம் ஊர்க்காரர். வணிகத்தின் நெளிவு சுளிவு தெரிந்தவரும் கிடைக்கிறார்; கொடுக்கல் வாங்கல் இல்லாதவரும் கிடைக்கிறார்.

இரண்டாவது நிபந்தனை, பதிவேடு கூடாது. யார் வந்தார், யார் பேசினார் என்று தீர்மானப் புத்தகத்திலோ இந்த இதழிலோ ஒரு வரிகூட வரக் கூடாது. எத்தனை பேர் பயன்பெற்றார்கள் என்று ஆண்டறிக்கையில் போட்டுப் பெருமை கொள்ளும் ஆசையையும் விட்டுவிட வேண்டும். ஓர் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் குடும்பத்தாருக்கோ மருத்துவருக்கோ சொல்லலாம். அதையும் பேசத் தொடங்கும்போதே அவரிடம் தெரிவித்துவிட வேண்டும்.

மூன்றாவது, கணக்கு மேசை. மாதம் ஒருநாள் மாலையில், ஒரு கணக்காளரும் வங்கிப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரும் உட்கார்ந்து, வருகிறவரின் கடன்களைப் பட்டியல் போட்டு, எதை முதலில் அடைப்பது, எந்த வங்கியில் தவணை மாற்றிக் கேட்பது, யாரிடம் அவகாசம் கேட்பது என்று சொல்ல வேண்டும். கந்து வட்டிக் கொடுமைக்கு எதிராக 2003ஆம் ஆண்டிலிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. ஆனாலும் தண்டலிலும் மீட்டர் வட்டியிலும் சிக்கியவர் அந்தச் சட்டத்தைத் தனியாளாகக் கையில் எடுக்கத் துணிவதில்லை. சங்கம் உடன் நின்றால் துணிவார். இந்த மேசையின் பெயர் "கணக்கு ஆலோசனை" என்றே இருக்கட்டும். அங்கே வருவதில் எவருக்கும் கூச்சம் இராது. கணக்கைச் சொல்ல வருகிறவர் பாதி வழியில் மனத்தையும் சொல்வார். அப்போது பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பயிற்சியில் கற்பது என்ன?

பயிற்சி பெற்றவர் டாக்டராகிவிட மாட்டார், ஆகவும் கூடாது. அவர் கற்றுக்கொள்வது சில எளிய பழக்கங்களைத்தான்.

முதலாவது, கவனிப்பது. நாள் தவறாமல் விடியற்காலை திறக்கும் கடை பத்து மணிக்குத் திறக்கிறது. தீர்ந்த சரக்குக்கு ஆர்டர் போடவில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. கல்லாவில் உட்காராமல் உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறார். வழக்கம் இல்லாதவர் குடிக்கிறார். "இனி நான் இருந்து என்ன ஆகப் போகிறது" என்று பேச்சோடு பேச்சாகச் சொல்கிறார். ஒன்று மட்டும் நடந்தால் காய்ச்சலாகக்கூட இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்து இரண்டு வாரம் நீடித்தால் போய்ப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கேட்பது. அறிவுரை சொல்லாமல், "உங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இல்லையா" என்று ஒப்பிடாமல், நடுவில் தன் கதையை எடுத்து விடாமல் கேட்பது. நமக்கு இது கடினம். வாடிக்கையாளர் வாயைத் திறக்கும் முன்னே "இது வேண்டாம், அதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பழகியவர்கள் நாம்.

மூன்றாவது, நேராகக் கேட்பது. "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே உண்டாக்கியது போல ஆகிவிடுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படி ஆகாது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அன்போடு கேட்கும்போது, அதுவரை தனியாகச் சுமந்ததைச் சொல்ல ஓர் இடம் கிடைத்தது என்று அவர் மூச்சு விடுகிறார். ஆம் என்று பதில் வந்தால் அவரைத் தனியாக விடக் கூடாது. குடும்பத்தார் ஒருவரை உடன் இருக்கச் செய்து, அன்றைக்கே மருத்துவ உதவிக்கு அழைத்துப் போக வேண்டும்.

நான்காவது, திரும்பப் போவது. ஒரு முறை பார்த்து விசாரித்துவிட்டு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. அடுத்த வாரமும் போக வேண்டும். அதற்கடுத்த வாரமும் போக வேண்டும். பாக்கி வசூலுக்கு நாம் தவறாமல் போகவில்லையா?

"இதெல்லாம் சங்கத்தின் வேலையா?"

இந்தக் கேள்வி வரும் என்பது நமக்குத் தெரியும். வரி, உரிமம், அந்நிய நிறுவனப் போட்டி, ஆன்லைன் வியாபாரம் என்று தலைக்கு மேல் பிரச்சினை இருக்கும்போது இது ஒரு கேடா என்பார்கள் சிலர். அவர்கள் சொல்லும் பிரச்சினைகளில் ஒன்றையும் நாம் மறுக்கவில்லை. அவற்றுக்காகப் போராடத்தான் வேண்டும். ஆனால் போராட்டத்தின் பலன் வருவதற்குள் மனம் ஒடிந்து போகிறவரை யார் தாங்குவது? 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம், 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி., 2020 மார்ச்சில் ஊரடங்கு என்று நான்கு ஆண்டுக்குள் மூன்று அடிகள் விழுந்தன. ஒவ்வொரு முறையும் நாம் கோரிக்கை மனு கொடுத்தோம். கொடுக்க வேண்டியதுதான். மனுவுக்குப் பதில் வரும்வரை உறுப்பினர் உயிரோடும் தெம்போடும் இருக்க வேண்டுமே!

கஷ்டம் போகவேண்டுமென்றால் கடன் தொல்லை போகவேண்டும், பேசி என்ன பயன் என்பது இன்னொரு வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் கணக்கு மேசையைச் சேர்த்தே சொன்னோம். ஆனால் அதே அளவு கடனில் ஒருவர் மீண்டு வருவதையும் ஒருவர் ஒடிந்து போவதையும் நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். தூக்கமில்லாத மூளைக்கு அடைக்கக்கூடிய கடனும் அடைக்க முடியாததாகவே தோன்றும். கணக்கைப் பார்க்கும் தெம்பு வருவதற்கே முதலில் மனம் தேற வேண்டியிருக்கிறது.

விழா நடத்தினால் போதாதா என்றும் கேட்கலாம். குடும்ப விழா, விளையாட்டுப் போட்டி, சுற்றுலா எல்லாம் மனத்துக்கு நல்லவைதான். தனிமைதான் பாதி நோய். ஒரு நாளில் பதினைந்து மணி நேரம் நாலு சுவருக்குள் நிற்கும் மனிதருக்கு அடுத்த தெரு நண்பரோடு அரை மணி நேரம் நடப்பதே மருந்து. ஆனால் விழாவுக்கு வருகிறவர் நன்றாக இருப்பவர். வராதவரைத்தான் தேடிப் போக வேண்டும். ஆகவே ஒவ்வொரு விழா முடிந்ததும், வழக்கமாக வந்து இந்த முறை வராதவர் யார் என்று பயிற்சி பெற்றவர்கள் பார்க்கட்டும். சந்தா பாக்கிப் பட்டியலும் அப்படியே. மூன்று மாதம் சந்தா வராத கடைக்கு நினைவூட்டுக் கடிதம் போகும் முன் ஒரு மனிதர் போகட்டும்.

வாரம் ஒரு நாள் அரை நாளாவது கடைத்தெரு முழுவதும் ஒன்றாகக் கடையடைக்கும் வழக்கத்தையும் வற்புறுத்த வேண்டும். நான் மூடினால் எதிர்க்கடைக்குப் போய்விடும் என்ற பயத்தில்தான் யாரும் மூடுவதில்லை. எல்லாரும் மூடினால் யாருக்கும் நட்டமில்லை. தனியாள் செய்ய முடியாததைச் செய்வதற்குத்தானே சங்கம்?

கடைப் பையன்களும் வாடிக்கையாளர்களும்

முதலாளியின் மனத்தை மட்டும் பேசிவிட்டுத் தொழிலாளியை மறந்தால் நியாயம் ஆகாது. வெளியூரிலிருந்தும் வெளிமாநிலத்திலிருந்தும் வந்து, கடை மாடியில் தங்கி, நாள் முழுவதும் மூட்டை தூக்கும் பிள்ளைகள் நம்மை நம்பி இருக்கிறார்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021ல் திருத்தியது. அந்த இருக்கை எத்தனை கடையில் இருக்கிறது என்பதை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். பயிற்சி வகுப்பில் ஊழியர்களுக்கும் இடம் தரவேண்டும். அவர்களும் தங்கள் முதலாளியிடம் கவலையைச் சொல்ல முடியாதவர்கள்தான். அவர்களுக்கும் வேறு ஒரு காது வேண்டும்.

வாடிக்கையாளர் பக்கமும் நமக்கு ஒரு கடமை உண்டு. நம் கடைகளில் விற்கும் சில பொருள்கள் தவறான நேரத்தில் தவறான கையில் கிடைத்தால் உயிருக்கு ஆபத்து. இலங்கையின் அநுராதபுரம் மாவட்டத்தில் பூச்சிமருந்துக் கடைக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனக்குழப்பத்தோடு வருகிறவரை அடையாளம் கண்டு, விற்காமல் பேசி அனுப்பும் முறையை ஆராய்ந்திருக்கிறார்கள். கடைக்காரரின் ஒரு நிமிடக் கவனம் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றலாம். அத்தகைய பொருள்களை முன்வரிசையில் தொங்கவிடாமல் உள்ளே பூட்டி வைப்பதற்கு எந்தப் பயிற்சியும் தேவையில்லை, இன்றைக்கே செய்யலாம்.

தெரிந்திருக்க வேண்டியவை

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயத்தில் குடும்பங்கள் மருத்துவமனைக்குப் போகத் தயங்கியதுண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், அவருக்கு அரசு சிகிச்சை தரவேண்டும் என்று சொல்கிறது. அத்தகைய முயற்சியைத் தண்டித்த பழைய 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் இடம்பெறவில்லை. அதே மனநலச் சட்டம், உடல் நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் காப்பீட்டு நிறுவனங்கள் பாதுகாப்புத் தரவேண்டும் என்கிறது. சங்கங்கள் உறுப்பினர்களுக்காகக் குழு மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது இதைக் கேட்டு, பாலிசியில் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அவசரத்துக்கு: மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104. சினேகா தொலைபேசி 044-24640050. இந்த எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில், வாடிக்கையாளர் கண்ணிலும் படும்படி ஒட்டி வைக்க வேண்டுகிறோம். ஒட்டியிருப்பது கடைக்காரருக்காகவா வாடிக்கையாளருக்காகவா என்று யாரும் கேட்கப் போவதில்லை.

வேண்டுகோள்

ஒவ்வொரு கிளைச் சங்கமும் அடுத்த செயற்குழுவில் ஒரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டுகிறோம். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரை அழைத்து அரைநாள் பயிற்சி, 25 கடைக்கு ஒருவர், பக்கத்து ஊர்ச் சங்கத்தோடு ஆள் மாற்று, மாதம் ஒரு மாலை கணக்கு மேசை, பதிவேடு இல்லை. செலவு, தேநீர்ச் செலவும் பேருந்துக் கட்டணமும்தான். ஒரு மாநாட்டுப் பந்தலின் ஒரு மூலைக்கு ஆகும் பணம்கூட ஆகாது.

மொத்த வியாபாரிகளாகிய நம் மூத்தவர்களிடம் தனியாக ஒன்று கேட்டுக்கொள்கிறோம். உங்களிடம் பாக்கி வைத்திருக்கும் சில்லறைக் கடைக்காரர் சிகிச்சைக்குப் போகிறார் என்று காதில் விழுந்தால், அவருக்குத் தவணையைக் குறைக்காதீர்கள். நோயை மறைத்துக் கடை நடத்துபவரைவிட, சிகிச்சை எடுத்துக்கொண்டு கடை நடத்துபவரிடம் உங்கள் பணம் பத்திரமாக இருக்கும். வியாபாரக் கணக்கில் பார்த்தாலும் இதுதான் சரி. அடுத்த மாநாட்டு மேடையில் உங்களில் பத்துப் பேர் எழுந்து நின்று இதை வாய்விட்டுச் சொன்னால், எத்தனை பயிற்சி வகுப்பு நடத்தினாலும் கிடைக்காத தைரியம் கீழே உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவருக்கு அன்றைக்கே கிடைக்கும்.